நாலு விரற்கடை கீழே ஒரு நாமம்

என் வீட்டுக்காரருக்கு இடது கழுத்தோரம் போடவேண்டிய நாமத்தை நாலு விரற்கடை கீழே இறக்கிப் போட்டவள் நான்தான். யாரும் என் கையைப் பிடித்துப் போடச் சொல்லவில்லை. போன வருஷம் வைகாசியில், கருட சேவையன்று, விடிவதற்கு முன் அவரைச் சமையல்கட்டில் முக்காலி போட்டு உட்காரவைத்து, திருமண்ணைக் குழைத்து, காறை எலும்புக்குக் கீழே இருந்த வெட்டுத் தழும்பின் மேலேயே பட்டையாக இழுத்துவிட்டேன். தழும்பு மறைந்தது. அதற்கு அடியில் தீப்பெட்டியை வைத்துத் தைத்தாற்போல் புடைத்துக்கொண்டிருந்ததை என்ன செய்தும் மறைக்க முடியவில்லை. துண்டை அந்தப் பக்கமாக மடித்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "ஆடாம நின்னீங்கன்னா யாருக்கும் தெரியாது" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் பெயர் கஜேந்திரன். நான் அம்சா. எங்களுக்குச் சின்ன காஞ்சிபுரம். பெருமாள் கோயிலில் சாமியைத் தோளில் சுமக்கிற குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வாகனத்தைத் தாங்குகிற தண்டில் யார் எங்கே நிற்பது என்பது அப்பன் வழியாகப் பிள்ளைக்கு வருகிறது. முன்தண்டில் வலது தோள், இரண்டாவது ஆள். என் மாமனார் நின்ற இடம் அது, அவருக்குப் பிறகு இவர் இடம். உற்சவம் இல்லாத நாட்களில் இவர் சாயப்பட்டறையில் பட்டு நூலை முக்கி எடுக்கிற வேலைக்குப் போவார். நான் வீட்டில் ராட்டினம் வைத்துத் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுக்கிறவள். கல்யாணமாகி வந்த புதிதில், இவர் தண்டின் கீழே நின்று வருகிறதைக் கூட்டத்தோடு நின்று பார்த்து, பெருமாளைப் பார்க்க மறந்துபோனவள் நான்.

அவ்வளவு திடமான மனிதர் தொண்ணூற்று நாலில் சாயத் தொட்டி ஓரத்திலேயே சுருண்டு விழுந்தார். நெஞ்சு துடிக்க வேண்டிய வேகத்தில் துடிக்கவில்லை, பாதிதான் துடிக்கிறது என்றார்கள். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, காறை எலும்புக்குக் கீழே கீறி, ஒரு பெட்டியை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். யாரோ புண்ணியவான் தானமாகக் கொடுத்த, ஏற்கெனவே கொஞ்ச காலம் ஓடிய பெட்டி அது. உயிரைக் காப்பாற்றியது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்கு. நிமிஷத்துக்கு எழுபது. தூங்கினாலும் எழுபது, படியேறினாலும் எழுபது, பஸ்ஸுக்கு ஓடினாலும் எழுபது. ஓடவே முடியாது என்பது வேறு விஷயம்.

தெருமுனைக் கடைக்குப் போய்வருவதற்குள் இவர் மூன்று இடத்தில் நிற்பார். மூச்சு வாங்க நிற்கிறோம் என்று தெரியக் கூடாதென்று சினிமா போஸ்டரைப் படிக்கிற மாதிரி நிற்பார். ஒட்டியது யார், அச்சடித்த பிரஸ் எது என்பதுவரை படித்துவிட்டுத்தான் அடுத்த அடி. குழாயடியிலிருந்து நான் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் தூக்கி வர, இவர் வெறுங்கையோடு பின்னால் வருவார். அதைப் பார்த்துப் பெண்கள் சிரித்துக்கொள்வார்கள். ராத்திரியில் என் பக்கத்தில் வரவும் கூசினார். வந்தால் பாதியில் மூச்சிரைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். "எழுபது அடிக்குது இல்ல, அப்புறம் இன்னா நோவு உங்களுக்கு" என்று ஒருநாள் நானும் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு போஸ்டர் இல்லாத இடத்தில்கூட நிற்கப் பழகிக்கொண்டார்.

தண்டுக்காரர்களிடம் பெட்டி விஷயத்தை மூச்சுவிடவில்லை. மஞ்சள்காமாலை முற்றிப்போய் உடம்பு தேறவில்லை என்றே சொல்லிவைத்திருந்தோம். பெட்டி வைத்து ஓட்டுகிற ஆள் என்று தெரிந்தால் இடம் போய்விடும். அதைவிட, கேலி பேசுவார்கள். தெருவில் மாவு மூட்டையை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த மனிதர், கேலியைத் தாங்கமாட்டார்.

நாலு வருஷத்தில் அந்தப் பெட்டியின் பேட்டரி தீர்ந்துவந்தது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை தேவிப்ரியா என்று ஒரு டாக்டரம்மா. படபடவென்று பேசுவார், ஆனால் நாம் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நகரமாட்டார். புதுப் பெட்டியை வைத்த பிறகு, நீளமான வராந்தாவில் இவரை வேகமாக நடக்கச் சொல்லி, கூடவே நடந்து நாடி பார்த்தார்.

"இப்ப வெச்சிருக்கிறது பழசு மாதிரி இல்ல. இதுக்குள்ள உடம்பு அசையறதைக் கவனிக்கிற ஒரு பொருள் இருக்கு. நீங்க நடந்தா துடிப்பை ஏத்தும், உக்காந்தா இறக்கும். ஆனா ஒண்ணு, இதுக்கு அசைவு மட்டும்தான் தெரியும். அசையாம நின்னுக்கிட்டு பெரிய வெயிட்டைத் தாங்கினீங்கன்னா, இவர் சும்மா நிக்கிறார்னு நெனச்சுக்கும். ரத்தம் பத்தாது, மயக்கம் வரும். நீங்க பாரம் தூக்கற வேலை எதாவது செய்யறீங்களா?"

"இல்லீங்க" என்றார் இவர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. பெருமாளைப் பாரம் என்று வாயால் சொல்லக் கூடாது என்பதைத் தண்டுக்காரர் வீட்டில் பிள்ளைகள் பேசப் பழகும்போதே சொல்லித்தந்துவிடுவார்கள். தோள்பட்டைத் தோல் கிழிந்து ரத்தம் வந்தாலும் "இன்னிக்கு பாரம் ஜாஸ்தி" என்று ஒருவன் சொல்லமாட்டான். "பெருமாள் இன்னிக்கு நின்னு வர்றார்" என்பான். பாரம் என்று அந்தம்மா கேட்டதும் மூட்டையும் கல்லும்தான் நினைவுக்கு வந்தன, இவர் இல்லை என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் தண்டு ஞாபகத்துக்கே வரவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. வாலாஜாபாத் தாண்டி ரோடு குண்டும் குழியுமாக இருந்தது, பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. இவர் என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தார். உள்ளே திமுதிமுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நான் உக்காந்துக்கினு தாம்மா இருக்கேன். பொட்டி நான் ஓடிக்கினு இருக்கேன்னு நெனச்சிக்கிச்சு" என்றார்.

நாலு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் குறைத்துச் சொன்னால் பாவம். குடத்தை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டார். போஸ்டரைத் திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போய்வந்தார். பெருமாள் கோயிலில் சன்னிதிக்கு ஏறுகிற மலைப்படி முழுவதையும் ஒரே மூச்சில் ஏறி, மேலே போய் நின்று, சாமி கும்பிடாமல் திரும்பி என்னைப் பார்த்து அழுதார். ஒருநாள் ஓரிக்கைவரை நடந்து, பாலாற்று மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டு நடந்தே திரும்பினோம். எனக்குக் கர்வம் வந்துவிட்டது. கேலி செய்த பெண்களுக்கு முன்னால் இவரை வேண்டுமென்றே குழாயடிக்கு அனுப்பினேன்.

சித்திரை முடிகிற சமயம் மாணிக்கவேல் வந்தார். தண்டுக்காரர்களுக்கெல்லாம் தலைவர், இவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"நாலு வருஷமா உன் எடத்துல கூலிக்கு ஆள நிறுத்திக்கினு இருக்கேன்பா. மத்தவங்க கேக்குறாங்க. நீ தேறிட்டன்னு சொல்றாங்க, நானும் நீ நடக்குறதைப் பாத்தேன். இந்த வைகாசிக்குத் தோள் குடு. இல்லேன்னா எடத்தை மாத்திடுவேன், அப்புறம் என் மேல கோவப்படாத."

அவர் போன பிறகு இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ. டாக்டரம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும், "நடந்துக்கினேதானே இருப்பீங்க, நடந்தா பொட்டிக்குத் தெரியும் இல்ல" என்றேன். இவரும் அதைப் பிடித்துக்கொண்டார். முன்தண்டில் இரண்டாவது ஆளின் பெண்டாட்டி என்று மறுபடியும் தெருவில் நடக்க ஆசைப்பட்டேன். அதுதான் உண்மை, வேறு எதைச் சொல்லி மூடினாலும் உள்ளே அதுதான் இருக்கிறது.

நாங்கள் மறந்துபோனது கோபுர வாசலை. கருட சேவையன்று பெருமாள் வெளியே வரும்போது, கோபுர வாசலில் குடைகளைச் சாய்த்து ஒரு கணம் அவரை மறைப்பார்கள். சோளிங்கபுரத்தில் ஒரு ஆசாரியர் வருஷம் தவறாமல் இந்தச் சேவைக்கு நடந்து வருவாராம். உடம்பு முடியாமல் வரமுடியாத வருஷம் அங்கேயே இருந்து உருகினாராம். அந்த ஒரு கணத்தில் பெருமாள் அவர் இருக்கிற இடத்துக்கே போய்ச் சேவை கொடுத்துவிட்டு வருகிறார் என்று ஐதீகம். பெருமாள் போய்வருகிற வரைக்கும் தண்டுக்காரர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒருத்தரும் அசையக் கூடாது.

அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் கோபுர வாசலில் எள் விழ இடமில்லை. நான் மண்டபத்து ஓரமாக இடம் பிடித்து நின்றேன். மேளம் நெருங்க, பெரிய பெரிய குடைகள் ஆட, கருடன் மேல் பெருமாள் வந்தார். முன்தண்டில் இவர். மார்பெல்லாம் நாமம், நான் இறக்கிப் போட்ட நாமமும் அதோடு சேர்ந்து வேர்வையில் பளபளத்தது. நடை பிசகவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

குடைகள் சாய்ந்தன. வழக்கமாகக் கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். அன்றைக்குப் பார்த்து ஒரு குடையின் தொங்கல் கருடனின் சிறகில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும், ஆள் ஏறி எடுக்க வேண்டும் என்றார்கள். ஏறுகிறவன் ஏறினான். தண்டின் கீழே அத்தனை பேரும் கல்லாக நின்றார்கள்.

இவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்தது. கண் எங்கேயோ பார்த்தது. சாயத் தொட்டி ஓரத்தில் விழுந்த அன்று பட்டறைக்காரர்கள் தூக்கி வந்து கிடத்திய முகம் அது, எனக்கு மறக்குமா. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், மாணிக்கவேல் காதில் விழுந்திருக்கும், மாற்றாள் புகுந்திருப்பான். கூப்பிட்டால் மானம் போகும், கூப்பிடாவிட்டால் ஆள் போவார். நான் கூப்பிடவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் இவர் முழங்காலை மடக்கி நிமிர்த்தினார். முதலில் கொஞ்சமாக. பிறகு இன்னும் கொஞ்சம். நின்ற இடத்திலேயே, குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைக்கிற மாதிரி ஆடினார். தண்டு அசைந்தது. ஒருவன் அசைந்தால் மற்றவன் நிற்கமுடியாது, தோள் முறிந்துவிடும். முன்னால் இருந்தவன் ஆடினான், பின்னால் இருந்தவன் ஆடினான், பின்தண்டும் சேர்ந்துகொண்டது. மேலே கருடன் ஏறி இறங்கினார். சிறகில் மாட்டியிருந்த தொங்கல் அந்த ஆட்டத்தில் தானே விடுபட்டது. குடைகள் நிமிர்ந்தன. சூரிய வெளிச்சம் முகத்தில் விழ, பெருமாள் இப்போதே பறந்துவிடுவேன் என்பதுபோல் ஆடிக்கொண்டு நின்றார்.

ஊரே கோவிந்தா என்று கத்தியது. பக்கத்தில் நின்ற பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். கோயிலில் பெரியவரான சக்ரவர்த்தி சாமி, கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து நின்றார். இவர் உதட்டில் ரத்தம் திரும்புவதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வீட்டுக்கு வந்தவர் கஞ்சியைத் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு இருட்டிக்கினு வந்திச்சு அம்சா. பஸ்ஸுல வந்தது ஞாபகம் வந்திச்சு. ஆட்டினா பொட்டி முழிச்சிக்கும்னு ஆட்டினேன். பெருமாளைப் போட்டு ஆட்டிட்டேம்மா, என் பொட்டிக்காக."

"உசுரு முக்கியம் இல்லையா" என்றேன்.

"தண்டை விட்டு வெலகியிருக்கலாம். முடியலைன்னு சொல்லியிருக்கலாம். வெக்கப்பட்டுக்கினு ஆட்டினேன்."

நானும் வெட்கப்பட்டுக்கொண்டுதானே முந்தானையைக் கடித்தேன்.

ஆனால் ஊர் அதை விடவில்லை. பெருமாள் கஜேந்திரன் தோளில் ஏறி ஆடினார், கருடன் சிறகை விரித்தார் என்று டீக்கடைவரை பேச்சு. அடுத்தடுத்த நாட்களில் எந்த வாகனம் வந்தாலும் கோபுர வாசலில் ஜனங்கள் காத்திருந்தார்கள். மாணிக்கவேலே இவர் காதில், "இங்க கொஞ்சம் ஆட்டுப்பா, கேக்குறாங்க" என்றாராம். இவர் ஆட்டினார். வேறென்ன செய்வார். உற்சவம் முடிகிற நாளில் கஜேந்திரனுக்குப் பரிவட்டம் கட்டி மரியாதை செய்ய வேண்டும் என்று சக்ரவர்த்தி சாமி சொல்லியனுப்பினார். தண்டுக்காரன் தலையில் கோயில் பரிவட்டம் ஏறி எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பெண்கள் என் வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டுப் போனார்கள். கோலத்தைத் தாண்டி வெளியே போக எனக்குக் கால் கூசியது.

முடிவதற்கு முந்தின நாள் பக்கத்துத் தெரு தையல்நாயகி வந்தாள். அவள் புருஷன் குமாரசாமி தறி நெய்கிறவர். அவருக்கும் நெஞ்சுத் துடிப்பு குறைந்துபோய் ரெண்டு தடவை தறிக்குழியிலேயே சாய்ந்திருக்கிறார். எங்கள் விஷயம் அவளுக்குத் தெரியாது.

"மெட்ராஸுல பொட்டி வெக்கணும்னு சொல்லி, வரச் சொல்லி நாள் குடுத்துட்டாங்கக்கா. இந்த ஆளு வரமாட்டேன்றாரு. ஒடம்புல இரும்ப வெச்சிக்கினு வாழ்றது ஒரு வாழ்க்கையான்றாரு. பெருமாள் ஆடின தோளைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினா போதுமாம். அண்ணன் ஒரு தபா வந்து அவரு நெஞ்சுல கைய வெச்சிட்டுப் போவட்டும்க்கா."

உள்ளே இருந்தவர் எழுந்து வந்தார். கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, இடது பக்கத்தை விலக்கிக் காட்டினார். தையல்நாயகி கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தாள்.

"இரும்புதாம்மா. நாலரை வருஷமா இருக்குது. நான் நடக்குறது இதுலதான். அவரைக் கூட்டிக்கினு போ, நாளத் தள்ளாத" என்றார்.

"அப்ப பெருமாள் ஆடினது?"

இவர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் மாணிக்கவேல் வந்துவிட்டார். அன்றைக்கு வாசலில் நிற்கவில்லை, நேரே உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"தையல்நாயகி சொல்றது நெசமா?"

"நெசம்தாண்ணா."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்.

"அவ வாயை நான் அடைச்சிக்கிறேன். நீ வந்து பரிவட்டத்தை வாங்கிக்க. இது உனக்கு மட்டும் இல்ல, தண்டுக்காரங்க அத்தினி பேருக்கும் மரியாதை. ஊரு பெருமாள் ஆடினார்னு சொல்லுது. நீ எதுக்குப்பா பொட்டி கிட்டின்னுக்கினு. அடுத்த வருஷத்துலேருந்து பேருக்குத் தண்டைத் தொட்டுக்கினு வா, நான் பாத்துக்கிறேன். எடம் உன்னுதுதான்."

நல்ல மனிதர்தான். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. இடமும் நிற்கும், உயிரும் நிற்கும், பரிவட்டமும் வரும். குமாரசாமிதான் என் மனசில் குறுக்கே நின்றார். ஊரே ஆமாம் பெருமாள்தான் என்னும்போது அந்த மனிதர் எந்த தைரியத்தில் கீறிக்கொள்ளப் போவார்.

மறுநாள் காலையில் இவர் குளித்துவிட்டு வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தார். நான் திருமண்ணைக் குழைத்தேன். நெற்றி, வயிறு, மார்பு, தோள் எல்லாம் போட்டாயிற்று. இடது கழுத்தோரம் வந்ததும் என் விரல் நின்றது. இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எங்கே போடட்டும் என்று கேட்டால் பாரத்தை அவர் தலையில் தள்ளியதாக ஆகும். முதல் தடவை கேட்டா போட்டேன்.

நாமத்தை அது இருக்க வேண்டிய இடத்தில் போட்டேன். கீழே தழும்பு அப்படியே தெரிந்தது. மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டேன். இவர் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்துக்கொண்டார். "சரி" என்றார்.

மண்டபத்தில் தண்டுக்காரர்கள், கோயில்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். குமாரசாமி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சக்ரவர்த்தி சாமி தட்டிலிருந்து பரிவட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இவர் முன்னால் வந்தார். வயதானவர், கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

"இது என்னப்பா, மார்ல?"

"பொட்டி சாமி. என் நெஞ்சு தானா சரியா அடிக்காது. இதுதான் அடிக்க வெக்குது. அன்னிக்கு கோபுர வாசல்ல ஆடினது பெருமாள் இல்ல. நான் ஆட்டினேன். ஒடம்பு அசைஞ்சாத்தான் இது வேலை செய்யும்."

"நின்னா என்ன ஆகும்?"

இவர் சுற்றிலும் பார்த்தார். மாணிக்கவேல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பாரம் தாங்கல சாமி" என்றார்.

தண்டுக்காரர்கள் பக்கத்திலிருந்து உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. பெட்டியைச் சொன்னதைக்கூட மன்னித்திருப்பார்கள். அந்த வார்த்தையை அவர்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. மாணிக்கவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சக்ரவர்த்தி சாமி பரிவட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு அதைப் பழையபடி மடித்துத் தட்டில் வைத்தார்.

"நீ அப்படி ஓரமா போய் உட்காரு. நிக்காதே" என்றார்.

இவர் ஓரமாக வந்து உட்கார்ந்தார். அதே பரிவட்டத்தை மாணிக்கவேல் தலையில் கட்டினார்கள். அவர் அழுதார், சந்தோஷத்தில் இல்லை. நாங்கள் திரும்பி வரும்போது தெருவே வாசலில் நின்றது. போஸ்டர் ஒட்டிய சுவர் வந்தது. மூச்சு வாங்கவில்லை, ஆனாலும் இவர் அங்கே போய் நின்றுகொண்டார். நானும் கூட நின்று படித்தேன். என்ன படம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இடம் போய்விட்டது. மாணிக்கவேல் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. குமாரசாமி மட்டும் அடுத்த வாரமே மெட்ராஸ் போனார். பெட்டி வைத்துக்கொண்டு திரும்பி வந்து, இப்போது தறியில் உட்காருகிறார். தையல்நாயகி என்னைப் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் போவாள். அதனால் வெட்கம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தேவிப்ரியா டாக்டரிடம் நடந்ததைச் சொன்னோம். "எவ்வளவு வெயிட் இருக்கும்?" என்று கேட்டார். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்த வருஷம் கருட சேவைக்கு நான் கூப்பிடவில்லை, இவரே கிளம்பினார். மண்டபத்து ஓரமாக, போன வருஷம் நான் நின்ற இடத்திலேயே நின்றோம். பெருமாள் வந்தார். முன்தண்டில் இரண்டாவது ஆளாக மாணிக்கவேலின் தம்பி. குடைகள் சாய்ந்தன, எதுவும் எதிலும் மாட்டவில்லை. குடை நிமிர்ந்த உடனே, மாணிக்கவேல் ஒரு குரல் கொடுக்க, தண்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் முழங்காலை மடக்கி நிமிர்த்தி, நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்தார்கள். கருடன் ஏறி இறங்கினார். கோவிந்தா சத்தம் காதைப் பிளந்தது. எனக்கு முன்னால் வெளியூர்ப் பெண் ஒருத்தி மகளிடம், "இங்க ஆதி காலத்துலேருந்து இப்படித்தாண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் இவரைப் பார்த்தேன். எல்லாரும் கையைத் தலைக்கு மேல் குவித்திருக்க, இவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க எதுக்கு அம்சா ஆட்டுறாங்க" என்றார், என் காதில் மட்டும் விழுகிற மாதிரி. "அவங்களுக்கெல்லாம் நல்ல நெஞ்சாச்சே."

பெருமாள் எங்களைத் தாண்டிப் போகிறவரைக்கும் அவர் தலை நிமிரவில்லை.